விழுகிறவருக்கு என்ன கவலை?

போன மாதம் எங்கள் பழைய கம்பனியிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். கணினி விளையாட்டுகளில் மனிதர்கள் விழுவதை இப்போது மென்பொருளே படித்துக்கொண்டு செய்கிறதாம். தானே விழுந்து விழுந்து பழகிக்கொள்கிறதாம். "அங்கிள், உங்கட காலத்துல எப்படிச் செய்தீங்க எண்டு எழுதித் தாங்களேன், புதுசா வந்தவங்களுக்குக் காட்ட" என்றாள். நானும் விழுந்து விழுந்துதான் பழகினேன் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கட்டுரை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்டதில்லை. விழுவதைப் பற்றி என்றால் கொஞ்சம் தெரியும். அதை மட்டும் எழுதுகிறேன்.

மருதமுனையில் வாப்பா கைத்தறி நெய்தார். நானும் இரண்டு வருடம் தறியில் இருந்தேன். ஒரே இடத்தில் இருக்க முடியாமல் இறங்கிவிட்டேன். பாலமுனையில் ஒரு பருவம் கடலுக்குப் போனேன். வரிப்பத்தான்சேனையில் இரண்டு போகம் நெல் வெட்டினேன். பிறகு வளைகுடா நாடொன்றில், உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. அங்கே மூன்று தடவை விழுந்தேன். முதல் இரண்டும் பெரிதில்லை. மூன்றாவதில் இரண்டு விலா எலும்புகளும் குதிக்காலும் உடைந்தன, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கால் ஆறி நடக்கத் தொடங்கிய சில மாதங்களில் சுனாமி வந்தது.

உம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஓடினேன். உம்மா பிழைத்தார். எனக்குப் பின்னால் ஓடி வந்த என் மூத்த சகோதரி, பௌசியா ராத்தா, இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடு விழுந்தாள். அவளும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ். அவளுடைய வலது முழங்கை மட்டும் அதன் பிறகு முழுதாக நீளவில்லை. அவள் விழுந்ததை நான் பார்க்கவில்லை. கூப்பிட்ட சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

கொஞ்ச நாள் முகாம், கொஞ்ச நாள் வீட்டுத்திட்டத்தில் மேசன் வேலை, பிறகு கொழும்பில் பெயின்ற் அடிக்கும் வேலை. எதிலும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை.

ஒரு நாள் ஒரு மாடி அலுவலகத்தில் சுவர் பூச அனுப்பினார்கள். பத்துப் பதினொரு பேர் கணினிகளுக்கு முன்னால் இருந்தார்கள். வெளிநாட்டுக் கம்பனிகளின் விளையாட்டுகளுக்குத் துண்டு துண்டாக வேலை செய்து கொடுக்கும் இடம் அது என்று பிறகுதான் தெரிந்தது. ஏணியில் நின்றபடி பார்த்தேன். ஒரு திரையில் ஒரு மனிதன் கூரையிலிருந்து விழுந்துகொண்டே இருந்தான். விழுவான், மறைவான், மறுபடி கூரையில் நிற்பான், மறுபடி விழுவான். நனைந்த சாக்கைத் தூக்கிப் போட்டது போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திரைக்கு முன்னால் இருந்த பெண் திரும்பினார். கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தார்.

"என்ன காக்கா சிரிப்பு?"

அந்தக் 'காக்கா'வைக் கேட்டதுமே எங்கள் கரையைச் சேர்ந்தவர் என்று தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்துத் தமிழர்கள் முஸ்லிம் ஆண்களை, அண்ணன் என்ற முறையில், அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஒண்டுமில்ல மிஸ். அந்த ஆள் கூரையிலயே மௌத்தாப் போய்த்துத்தான் கீழ வாறார்."

"எப்பிடிச் சொல்றீங்க?"

"உசிரோட இருக்கிறவன் விழக்குள்ள சும்மா விழமாட்டான். எதையாவது புடிக்கப் பாப்பான்."

"விழுந்து காட்டுவீங்களா?"

காட்டினேன். ஏணியின் இரண்டாவது படியிலிருந்து கம்பளத்தில் விழுந்தேன். எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். அவர் மட்டும் குந்தியிருந்து என் கால்களைப் பார்த்தார். "இன்னொருக்கா விழுங்க" என்றார். ஏழு தடவை விழுத்தினார். பிறகு, "நாளைக்கும் வாங்க காக்கா. பெயின்ற் அடிக்க இல்ல" என்றார்.

இப்படித்தான் சிவரூபி மிஸ்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தேன். திருக்கோவில்காரி. என்னைவிட வயதில் இளையவர், கம்பஸில் படித்தவர், அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர். அவரும் கடற்கரையில் பிறந்தவர்தான். ஆனாலும் சுனாமி நாளைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

முதல் ஆறு மாதம் என் வேலை மெத்தையில் விழுவது. முன்னால் ஒரு கமெரா, பக்கத்தில் ஒரு கமெரா. பிறகு கணினியில் எண்களை மாற்றப் பழக்கினார்கள். ஓடும்போதும் நடக்கும்போதும் திரையில் இருக்கிற ஆளை ஏற்கெனவே வரைந்து வைத்த அசைவு நடத்துகிறது. கால் தவறியதும் அந்த அசைவு விட்டுவிடும். அதன் பிறகு உடம்பு, மூட்டுகளால் கோத்த பதினைந்து துண்டுகள் கொண்ட ஒரு பொம்மை. அலுவலகத்திலும் அதைப் பொம்மை என்றே சொல்வோம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பாரம், ஒவ்வொரு மூட்டுக்கும் எவ்வளவு மடங்கலாம் என்று ஓர் எல்லை, எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்று ஒரு பிடிப்பு. பிடிப்பே இல்லாவிட்டால் சாக்கு. பிடிப்பு கூடினால் நாலு கால் கதிரை விழுவது போல விழும். கையும் காலும் இடுப்பும் ஒரே பாரமாக இருந்தால், உடம்பு விழுந்து முடிந்த பிறகும் கைகள் கரையில் போட்ட மீன் போலத் துடிக்கும். இடுப்புதான் பாரமான துண்டு. அது முதலில் சரியாக வேண்டும்.

மிஸ் ஒருநாளும் பிழை என்று சொல்லமாட்டார். "இன்னொருக்கா விழுத்துங்க" என்பார். அதுதான் பிழை என்பதற்கு அர்த்தம். பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. சத்தத்தை நிறுத்திவிட வேண்டும். பத்துத் தடவை முழு உடம்பையும் பார்க்க வேண்டும். அடுத்த பத்தில் பாதங்களை மட்டும். அடுத்த பத்தில் தலையை மட்டும். பிறகு திரைக்கு முதுகைக் காட்டி நின்று, உடம்பின் பாரம் எந்த இடத்தில் முதலில் நிலத்தில் பட்டது என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த விழுகை இன்னும் சரிவரவில்லை. புதிதாக வருகிற எல்லோரும், விழுவது மெதுவாகத் தெரிகிறது என்று புவியீர்ப்பைக் கூட்டுவார்கள். நானும் கூட்டினேன். மிஸ் அதைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, "பூமி சரியாத்தான் இருக்கு காக்கா. ஆளப் பாருங்க" என்றார்.

நான் செய்த பெரிய பிழையையும் எழுதத்தான் வேண்டும்.

கைகளின் பிடிப்பைச் சரிசெய்ய, நான் தங்கியிருந்த அறையிலேயே மெத்தை போட்டு விழுந்து பார்ப்பேன். எந்தக் கை எப்போது எங்கே போகிறது என்று கொப்பியில் குறித்து வந்து அப்படியே எண்களாக்குவேன். நாலு மாதம் எல்லாம் நன்றாகப் போனது. பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு கேள்வி வந்தது: உங்கள் மனிதர்கள் எல்லோரும் விழும்போது ஏன் வயிற்றைப் பிடிக்கிறார்கள்?

எங்களில் ஒருவனான அன்ரன் அதை உரக்க வாசித்தான். "காக்கா, உங்கட ராசாவுக்கும் வயித்து வலியாம், அவர்ர படைக்கும் வயித்து வலியாம். நேத்து எந்தக் கடையில சாப்பாடு குடுத்தீங்க?"

மிஸ் வந்து பார்த்தார். கவசம் போட்ட வீரன் மதிலிலிருந்து விழுகிறான். இடது கை இடுப்புக்குப் போகிறது. அரசன் விழுகிறான், இடது கை இடுப்புக்கு. கள்வன், காவல்காரன், பூசாரி, எல்லோரும் அப்படித்தான்.

"காக்கா, ஒருக்கா விழுங்க பாப்பம்."

காற்சட்டையும் பெல்ற்றும் போட்டிருந்தேன். விழுந்தேன். இடது கை போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

"அறையில என்ன உடுத்துக்கிட்டு விழுறீங்க?"

"சாரன் மிஸ்."

முதலில் அன்ரன் சிரித்தான், பிறகு எல்லோரும். மிஸ் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இடுப்பில் சுற்றிச் செருகும் சாரனை உடுத்தவன் விழும்போது முதலில் காப்பாற்றுவது மானத்தை. பிறந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் விழுவார்கள் என்பதால் உலகமே அப்படித்தான் விழுகிறது என்று நினைத்துவிட்டேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. மிஸ் கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு வெள்ளைப் பலகையில் ஒரு வரி எழுதினார்: விழுகிறவருக்கு என்ன கவலை?

"காக்காட பொம்மைகள்ற கைய எல்லாம் மாத்துவம். ஆனா காக்கா செய்தது பாதி சரி. விழுற ஆள் நிலத்தப் பத்தி மட்டும் யோசிக்கிறல்ல" என்றார். அன்று தொடங்கி, எந்தப் பொம்மையைத் தொடுவதற்கு முன்னும் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். வீரனுக்கு வாள். கிழவனுக்கு இடுப்பெலும்பு. கள்வனுக்குப் பை. அந்த வரியை, மிஸ் வேலையை விட்டுப் போகும் வரைக்கும் யாரும் அழிக்கவில்லை.

இனிக் கடினமான வேலைக்கு வருகிறேன்.

யுத்தம் வடக்கில் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த மாதங்கள். எங்களுக்கு வேலை தந்த பெரிய கம்பனி, புதிதாக ஒரு விளையாட்டுச் செய்தது. ஒரு பெண் இடுப்பில் தன் தங்கையைச் சுமந்துகொண்டு, இடிந்த நகரமொன்றின் கூரைகளின் மேலாகத் தப்பி ஓட வேண்டும். தங்கைக்கு ஒரு வயதிருக்கும். விளையாடுகிறவர் தவறவிட்டால் இருவரும் தெருவில் விழுவார்கள், பிறகு அவள் எழும்பி மறுபடி ஓடுவாள். அந்த விழுகைதான் எங்களுக்கு வந்த வேலை. முதலில் செய்ததில் குழந்தை பந்து போலத் தெறித்துப் போனது. அங்கே பரீட்சித்துப் பார்த்தவர்கள் சிரித்தார்களாம். இரண்டு வாரத்துக்குள் யாரும் சிரிக்காதபடி செய்யாவிட்டால் முழு வேலையும் வேறு நாட்டுக்குப் போகும் என்று எழுதிவிட்டார்கள். அது போனால் எங்கள் அலுவலகம் மூடப்படும். எனக்கு அதுவரை எந்த வேலை போனாலும் கவலை இருந்ததில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். இந்த வேலை மட்டும் போகக்கூடாது என்று துஆ கேட்டேன்.

பலகைக் கேள்விக்குப் பதில் சுலபம்: குழந்தை. பெண்ணின் இரண்டு கைகளையும் குழந்தையைச் சுற்றி இறுக்கினேன். குழந்தை தெறிக்கவில்லை. ஆனால் மிஸ், "இன்னொருக்கா விழுத்துங்க" என்றார். பிடிப்பை மாற்றினேன். "இன்னொருக்கா." ஆறு நாள் போனது. ஏழாம் நாள் அவரே சொன்னார்: "பார்சல் கொண்டு போறவ மாதிரி விழுறா காக்கா. பிள்ள வைச்சிருக்கிறவ மாதிரி இல்ல."

எனக்குத் தெரிந்த ஒருத்தி பிள்ளையோடு விழுந்திருக்கிறாள். அதை முதல் நாளே நினைத்தேன். ஆறு நாளும் அதை நினைக்காதது போல எண்களை மாற்றிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸிடம், "ஊருக்குப் போய்த்து வாறன், மூண்டு நாள்" என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அலுவலக மடிக்கணினியைப் பையில் வைத்து அவரே என் தோளில் மாட்டினார். அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். ஒரு சிப்பாய் என் பையைத் திறந்து மடிக்கணினியை எடுத்தார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். விளையாட்டு, மனிதர்கள் விழுவதைச் செய்கிறேன் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு பொய் போல இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. திறந்து காட்டச் சொன்னார். காவல்காரன் ஒருவன் மதிலிலிருந்து விழுவதைக் காட்டினேன். அவரே விசையை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பின்னால் வரிசை நீண்டது. "மனிதன் இப்படி விழமாட்டான்" என்று மெதுவாகச் சொன்னார். "முழங்கால்தான் முதலில் போகும்." மூடியை மூடி, துணியால் சுற்றி, நான் வைத்திருந்தபடியே பைக்குள் வைத்துக் கொடுத்தார். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. எங்கே பார்த்தார் என்று கேட்கிற இடமும் அது இல்லை. அதன் பிறகு நான் செய்த எல்லாப் பொம்மைகளிலும் பிடிப்பு முதலில் விடுவது முழங்காலில்தான்.

ராத்தா வீட்டுத்திட்டத்து வீட்டில் இருந்தாள். அன்று இடுப்பிலிருந்த குழந்தை, மகள் ஸஹ்ரா, அப்போது பாலர் பாடசாலை முடித்திருந்தாள். தேத்தண்ணி குடித்து, சோறு தின்று, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகுதான் மடிக்கணினியைத் திறந்தேன். அந்தப் பெண் விழுந்தாள். ஸஹ்ரா கைதட்டினாள்.

"ஏன்டா தம்பி, இவ மாச்சாக்குத் தூக்கிற மாதிரிப் புடிச்சிருக்கா?" என்றாள் ராத்தா.

"அதுதான் ராத்தா சரிவருதில்ல."

"இதுக்குத்தான் கொழும்புல சம்பளம் தாறாங்களா? ஆக்கள உழுத்துறத்துக்கு?"

"ஓம்."

"அல்லாஹ்வே. ஊரெல்லாம் சும்மாதானே உழுறாங்க."

நான் சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். ஸஹ்ராவைப் பக்கத்து வீட்டில் விளையாடப் போகச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"இதக் கேக்கவா பஸ் ஏறி வந்த?"

"ஓம்."

"நாலு வருசமா நீ கேக்கல்ல."

"எப்பிடிக் கேக்கிற ராத்தா? நான் திரும்பிப் பாக்கல்லியே."

"நீ கிறுகிப் பாக்கல்ல எண்டு எனக்குத் தெரியாதா? கிறுகியிருந்தா உம்மாவும் இல்ல, நீயும் இல்ல. உம்மா போய்த்தா எண்டா நான் என்னத்துக்குப் பிழைச்ச?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போ, அந்தத் தலகாணிய எடுத்துட்டு வா."

தலையணையை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். விழ வேண்டாம் என்றேன். "உழமாட்டன், சும்மா சாய்ஞ்சு காட்டுறன்" என்றாள். நான் கைத்தொலைபேசியில் வீடியோப் படம் எடுத்தேன்.

"தண்ணி பின்னால வந்து முழங்காலத்தான் முதல்ல தட்டிச்சு. முன்னுக்கு உழப் போறன் எண்டு விளங்கிச்சு. முன்னுக்கு உழுந்தா பிள்ள எனக்குக் கீழ. அதால கிறுகினன்." உடம்பை வலப்பக்கம் திருப்பினாள். "ரெண்டு கையாலயும் புடிச்சா ரெண்டு பேரும் சேந்து நசிவம். ஒரு கைய நிலத்துக்குக் குடுக்கணும். இத நான் குடுத்தன்." நீளாத கையை உயர்த்திக் காட்டினாள். "வடிகான் கட்டுல பட்டிச்சு. முறிஞ்ச சத்தம் கேட்டிச்சு. மத்தக் கை பிள்ளைட தலையில இருந்திச்சு."

நான்கைந்து தடவை அப்படிச் சாய்ந்து காட்டினாள். இடையில், "நல்லா எடுக்கிறியா? மறுகா மறுபடி காட்டச் சொன்னா உதை வாங்குவாய்" என்றாள்.

அன்று மாலையும் அடுத்த நாள் காலையும் இருந்து எண்களை மாற்றினேன். பெண்ணின் வலது கையைக் குழந்தையிலிருந்து விடுவித்தேன். முழங்கால் விட்டதும் இடுப்பு திரும்ப வேண்டும் என்று வைத்தேன். வலது முழங்கை முதலில் நிலத்தில் படவும், பட்ட கணத்தில் அந்தக் கையின் பிடிப்பு முழுதாக விட்டுப்போகவும் செய்தேன். இடது உள்ளங்கையைக் குழந்தையின் தலையில் வைத்தேன். மதியம், லுஹர் நேரத்தில் ராத்தாவைக் கூப்பிட்டேன்.

அவள் பார்த்தாள். மறுபடி என்றாள். மறுபடி. எத்தனை தடவை பார்த்தாள் என்று நான் எண்ணவில்லை.

"உழுறது சரி" என்றாள். "எழும்புறது பொய்."

"எழும்புறது என்ட வேலை இல்ல ராத்தா. அது வேற ஆள் வரையிறது."

"ஆர் வரைஞ்சாலும் பொய்தான். எழும்பினதும் இவ றோட்டப் பாக்கிறா. முதல்ல பிள்ளையல்லவா பாக்கணும்?"

கொழும்புக்கு வந்து மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ராத்தாவின் படத்தையும் காட்டினேன். அவர் சத்தத்தை நிறுத்தவில்லை. நீளாத கையோடு ராத்தா சாய்வதை ஒரு தடவை பார்த்தார். எழுந்து ஜன்னலடியில் போய் நின்றார். பிறகு வந்து அன்ரனைக் கூப்பிட்டு, விளையாட்டில் அந்தப் பெண் எழும்பியதும் குழந்தையைக் குனிந்து பார்க்கும் அசைவை வரையச் சொன்னார். அன்ரன், "மிஸ், அவ பாக்கிற நேரம் விளையாடுறவர் எந்தப் பொத்தான அமத்தினாலும் வேலை செய்யாது. அவங்களுக்குப் பிடிக்காது, திருப்பி அனுப்புவாங்க" என்றான். அவன் சொன்னது சரிதான். எங்கள் தொழிலில் விளையாடுகிறவரைக் காக்க வைப்பது பெரிய பாவம். மிஸ், "அனுப்பட்டும்" என்றார்.

அனுப்பினோம். பதில் வருவதற்கு முன் யுத்தம் முடிந்தது. தெருவில் வெடி கொளுத்தினார்கள். மிஸ் ஜன்னலைச் சாத்தினார். நாங்கள் இருவரும் இருட்டும் வரைக்கும் வேலை செய்தோம்.

அந்த வாரக் கடைசியில் பதில் வந்தது. மிஸ் அதை எனக்குத் தமிழில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லையாம். விழுந்ததும் பரீட்சித்தவர்கள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார்களாம். யாரும் அவர்களுக்குச் சொல்லாமலே, அவள் குழந்தையைப் பார்த்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்தார்களாம். வேலை எங்களுக்கே. நான் அந்த அலுவலகத்திலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் வேறு எங்கும் போகவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் அதை நம்புவதில்லை.

"ராத்தாக்குச் சொல்லுங்க காக்கா" என்றார் மிஸ். தன் மேசைத் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார்.

"பாஸாம் ராத்தா" என்றேன்.

"பிள்ளையப் பாக்கிறாளா?"

"பாக்கிறா."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு செக்கனுக்குக் கொஞ்சம் குறைய."

"நான் அண்டைக்குப் பொழுது பட்டு மஃரிப் ஆகுற வரைக்கும் பிள்ளையப் பாத்துக்கிட்டே இருந்தன்" என்றாள். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.